கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கறேன், நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு 68 வயசு, ஊர் பாலக்கோடு பக்கம். சத்துணவுல சமையல் வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. சுகருக்கு மாத்திரை போடறேன். ரெண்டு வருஷமா கண்ணு மங்கிக்கிட்டே வருது. போன மாசம் கடுகுன்னு நெனச்சு கேழ்வரக எண்ணெய்ல போட்டுட்டேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பாலக்கோடு போர்டுன்னு நெனச்சு பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ல ஏறி உக்காந்துட்டேன், டிக்கெட் வாங்கறப்பதான் தெரிஞ்சுது. வீட்ல எல்லாரும் சிரிக்கறாங்க, நானும் சேந்து சிரிச்சுக்கறேன், வயசானா சகஜந்தானே. ஆனா இப்ப கொஞ்ச நாளா கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்க முடியுது. கண்ணு தானா சரியாகுதா? புரையா இருந்தா முத்தட்டும், மாங்கா சீசனும் முடியட்டும்னு இருக்கேன். இன்னொண்ணு, எங்கக்காவுக்கு 79 ஆகுது, பார்வை ரொம்ப கம்மி. திண்ணைல பாவாடை கட்டுன சின்னப் பொண்ணுங்க உக்காந்திருக்குன்னு சொல்லுது, அங்க யாருமே இல்ல. காத்து கருப்புன்னு மந்திரிச்சு தாயத்து கட்டியாச்சு. என்ன பண்றது?

பதில்: வணக்கம்மா. கேழ்வரகு தாளிச்ச கதைய படிச்சு நானும் வாய்விட்டு சிரிச்சேன். இந்த குணத்த விட்டுடாதீங்க. நான் பாத்த வரைக்கும் தன் தடுமாற்றத்த சொல்லி சிரிக்கறவங்கதான் கூச்சப்படாம அடுத்தவங்கள உதவி கேக்கறாங்க, "தம்பி இது எந்த ஊர் பஸ்ஸுப்பா"ன்னு கேட்டுட்டு ஏறறாங்க. கேக்க கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளயே முடங்கிப் போறவங்களுக்கு கண்ணோட சேந்து மனசும் இருண்டு போகுது. ஆனா சிரிச்சு மழுப்பிட்டு ஆஸ்பத்திரி பக்கமே போகாம இருக்கறது வேற விஷயம்மா, நீங்க இப்ப ரெண்டையும் சேத்து பண்ணிட்டு இருக்கீங்க.

முதல்ல அந்த பேப்பர் விஷயம். கேக்க சந்தோஷமாதான் இருக்கும், அக்கம் பக்கத்துலயும் "உனக்கு புதுக்கண்ணு வந்துருச்சு"ன்னு சொல்லியிருப்பாங்க. கண்ணு சரியாகலம்மா. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸோட நடுப்பகுதி வயசாக ஆக இறுகி பழுப்பாகறப்ப அதோட பவர் கூடிடும், அதனால கிட்டப்பார்வை மாதிரி ஆகி பக்கத்துல இருக்கறது கண்ணாடி இல்லாமலே தெரியும், அதே நேரம் தூரத்துல இருக்கற பஸ் போர்டு இன்னும் மங்கும். நீங்க எழுதினது ரெண்டும் அப்படியே பொருந்துது பாருங்க. கண்புரை வளர்றதோட அடையாளம் இது, புரை இன்னும் வளர்ந்தா இந்த படிக்கற வசதியும் போயிடும். ராத்திரி ரோட்ல எதிர்ல வர்ற லாரி லைட்டு செதறி கண்ணு கூசுதான்னு கவனிங்க, அதுவும் புரையாலதான் வரும்.

சுகர் ஏறினாலும் லென்ஸ் ஊதி இதே மாதிரி திடீர்னு பவர் மாறும். அதனால மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க, மாங்கா சீசன்னு சொல்றீங்க, பழம் எவ்ளோ உள்ள போகுதுன்னு எனக்கு தெரியாதா. சுகர் தாறுமாறா இருக்கறப்ப புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்காதீங்க, சுகர் இறங்கினதும் அந்த கண்ணாடி சேராது, காசு வீண்.

முத்தட்டும்னு காத்திருக்கறது பழைய காலத்து கணக்கு. அப்பல்லாம் புரை முத்தினாதான் லென்ஸ மொத்தமா எடுக்க தோதா இருக்கும், எடுத்தப்புறம் உள்ள வைக்க லென்ஸ் கிடையாது, அதான் உங்கம்மா காலத்து ஆளுங்க சோடாபுட்டி கண்ணாடியோட திரிஞ்சாங்க. கண்ணுக்குள்ள செயற்கை லென்ஸ் வைக்கறத லண்டன்ல ஹரால்ட் ரிட்லினு ஒரு டாக்டர் 1949ல ஆரம்பிச்சார், போர்ல அடிபட்ட விமானிங்க கண்ணுல விமானக் கண்ணாடியோட பிளாஸ்டிக் துண்டு தங்கிப் போயும் கண்ணு அத ஏத்துக்கிட்டத பாத்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்துச்சு. இப்ப ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீறல் போட்டு புரைய கரைச்சு உறிஞ்சி எடுத்துட்டு மடிக்கற லென்ஸ உள்ள வச்சுடறாங்க, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சு அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். முத்த விட்டா லென்ஸ் கல்லு மாதிரி கெட்டியாகி ஆபரேஷன் கஷ்டமாகும், சில பேருக்கு ஊதி கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி வலியோட ராத்திரில ஓடி வர்ற நிலைமையாகும். சமையலுக்கும் பஸ்ஸுக்கும் தடுமாறீங்கன்னா அதுவே ஆபரேஷன் பத்தி பேசற நேரம்மா. வெயில் காலம் மழைக் காலம்னு ஒண்ணும் பாக்க வேணாம். பார்வையிழப்பு தடுப்பு திட்டம்னு 1976லயே மத்திய அரசு ஆரம்பிச்சது, அரசு ஆஸ்பத்திரில இந்த ஆபரேஷனும் லென்ஸும் இலவசம், தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு போய் கண் பிரிவுல கேளுங்க.

ஆனா புரைய மட்டும் பாத்துட்டு திரும்பிடாதீங்க, சொட்டு மருந்து விட்டு கண்ணுப் பாப்பாவ விரிய வச்சு விழித்திரையையும் பாக்கச் சொல்லுங்க. சுகர் உள்ளவங்களுக்கு விழித்திரைல ரத்தக்கசிவு சத்தமே இல்லாம வரும், வலி கிடையாது, ஆரம்பத்துல பார்வையும் குறையாது, அதான் வருஷத்துக்கு ஒரு தரம் கட்டாயம் பாக்கணும். கண் அழுத்த நோயும் பெரும்பாலும் அப்படி சத்தமில்லாமதான் வரும், அதுல போன பார்வை திரும்ப வராது. மருந்து விட்டா சில மணி நேரம் மங்கலாவே இருக்கும், கூட ஒரு ஆள் வரணும். கதவு நிலை நேரா இல்லாம வளைஞ்சு தெரிஞ்சா, மின்னல் வெட்டற மாதிரி தெரிஞ்சு கருப்பு புள்ளிங்க திடீர்னு நெறைய பறந்தா, திரை விழற மாதிரி ஒரு பக்கம் மறைஞ்சா, இல்ல கண்ணு சிவந்து தலைவலி வாந்தியோட பார்வை மங்குனா அன்னைக்கே ஓடுங்க. தேன், வெளக்கெண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறுன்னு எதையும் கண்ணுல விடாதீங்க, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற சொட்டு மருந்தும் வேணாம், அதுல ஸ்டீராய்டு இருந்தா மாசக்கணக்குல விட்டா அதுவே கண் அழுத்தத்த ஏத்திடும்.

உங்க கடிதத்துல எனக்கு மனசுக்கு கஷ்டமா இருந்தது உங்கக்கா விஷயம்தான். அவங்களுக்கு பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. கண்ணுல இருந்து தகவல் வர்றது ரொம்ப குறைஞ்சு போனா மூளைல பாக்கறதுக்குன்னு இருக்கற பகுதி சும்மா இருக்காது, தானே படத்த உண்டாக்கிக்கும். சில பேருக்கு பூ டிசைன், கட்டம் கட்டமா கோலம், சில பேருக்கு குட்டி மனுஷங்க, குழந்தைங்க, கலர் துணி கட்டுன ஆளுங்க. சத்தம் மட்டும் வராது. சுவிட்சர்லாந்துல சார்ல்ஸ் போனேங்கறவர் தன்னோட தாத்தாவுக்கு இப்படி தெரிஞ்சத 1760லயே எழுதி வச்சிருக்கார், அந்த தாத்தாவுக்கும் புரை, மத்தபடி புத்தி தெளிவா இருந்தார். அவர் பேர்லதான் இத சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம்னு சொல்றோம். நெறைய பேர் பைத்தியம்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து வருஷக்கணக்கா யார்கிட்டயும் வாயே திறக்கறது இல்ல. உங்கக்கா சொன்னது எவ்ளோ பெரிய தைரியம்னு யோசிச்சுப் பாருங்க, அதுக்கு தாயத்து கட்டி விட்டாங்க.

அவங்ககிட்ட நீங்க போய் பக்கத்துல உக்காந்து, இது கண்ணால வர்றது, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க, அத கேட்டாலே பாதி பாரம் குறையும். பொண்ணுங்க தெரியறப்ப கண்ண ரெண்டு மூணு தடவ அழுத்தி மூடித் திறக்கச் சொல்லுங்க, தலைய அசைக்காம கண்ண மட்டும் இடது வலதுன்னு மாத்தி மாத்தி பாக்கச் சொல்லுங்க, திண்ணைல நல்ல வெளிச்சமா லைட்டு போடுங்க, பல பேருக்கு அப்பவே மறையும். நாளாக நாளாக பொதுவா கம்மியாகும். ஆனா அந்த பொண்ணுங்க பேசறதா சொன்னா, அவங்க கூட இவங்க பேச ஆரம்பிச்சா, இல்ல ஞாபகம் தடுமாறினா அது வேற, நரம்பு டாக்டர்கிட்டயோ மனநல டாக்டர்கிட்டயோ காட்டணும். முக்கியமா அவங்களுக்கு பார்வை ஏன் கம்மியாச்சுன்னே யாராவது பாத்தாங்களா? அதுவும் வெறும் புரையா இருந்தா எடுத்துடலாமே, 79 ஒரு வயசே இல்ல அதுக்கு.

ஆபரேஷன் வரைக்கும் வீட்ல கொஞ்சம் மாத்தி வைங்க. எவர்சில்வர் தட்டு கூசும், களிய வெள்ளைத் தட்டுல போடுங்க, சோத்த வாழை இலைலயோ கருத்த தட்டுலயோ போடுங்க, சாப்பாடு தனியா தெரியும். கடுகு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கேழ்வரகுக்கு எதுவும் இல்ல, கை தடவினா போதும். வாசப்படி ஓரத்துல மஞ்ச பெயிண்ட் அடிங்க, இந்த வயசுல இடுப்பு எலும்பு ஒடைஞ்சா கண்ண விட பெரிய செலவு. சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் பேரப்புள்ளைங்கள விட்டு தனித்தனி டப்பால போடச் சொல்லுங்க, இதுல மட்டும் தப்பு நடந்தா சிரிச்சுக்க முடியாதும்மா.

மாங்கா சீசன் வருஷா வருஷம் வரும், இந்த வாரமே கிளம்புங்க. பழைய கண்ணாடி, மாத்திரை அட்டை, சுகர் ரிப்போர்ட், ஆதார் எல்லாம் பையில போட்டுக்குங்க, அக்காவையும் கையோட கூட்டிட்டுப் போங்க, திண்ணைல தெரியற பொண்ணுங்க பத்தி கண் டாக்டர்கிட்ட அவங்க வாயாலயே சொல்லட்டும்.