சிற்பங்களில் அசோகர்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சிக்குப் போகிறேன். அசோகரை எங்கே பார்க்கலாம்?

முதலாம் ஸ்தூபியின் (பௌத்தர்கள் வணங்கும் அரைக்கோளக் கட்டடம்) தெற்குத் தோரணத்தில், அதாவது தெற்குக் கல் நுழைவாயிலில், தொடங்குங்கள். நடு உத்தரத்தில் அசோகர் படையோடு இராமகிராம ஸ்தூபிக்கு வருகிறார். புத்தரின் அஸ்தி இருந்த எட்டு ஸ்தூபிகளில் ஏழைத் திறந்து, அதைப் பங்கிட்டு 84,000 ஸ்தூபிகள் எழுப்பினார் என்பது கதை. எட்டாவது இராமகிராமம். அங்கே காவல் இருந்த, பாம்பு இனத்தவரான நாகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, அரசர் வெறுங்கையோடு திரும்பினார்.

அப்புறம் அதே தோரணத்தின் தூணுக்கு வாருங்கள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, ஓர் அரசர் நிலைகுலைந்து நிற்பார். சாஞ்சியில் என் மனதுக்கு மிக நெருக்கமான சிற்பம் இதுதான். போதி மரத்துக்கு அரசர் அனுப்பிய நகைகளை, போதி என்று யாரோ ஒரு பெண்ணுக்கு அனுப்புகிறார் என்று நினைத்த ராணி திஷ்யரட்சிதை, சூனியம் வைத்துப் போதி மரத்தை வாடவைத்தாளாம். செய்தி கேட்டு அசோகர் மயங்கி விழுந்தார். பிறகு அவளே சூனியத்தை எடுத்து, குடம் குடமாகப் பால் ஊற்றி மரத்தைப் பிழைக்கவைத்தாள். இது அசோகரைப் பற்றிய பழைய பௌத்த நூலான அசோகாவதானம் சொல்லும் கதை. கிழக்குத் தோரணத்தின் கீழ் உத்தரத்தில் அவர் யானையிலிருந்து இறங்கி அந்த மரத்தை வணங்கப் போகிறார். அவர் போதி மரத்தடிக்குப் போனது நிஜம். முடிசூடிப் பத்தாண்டுகள் கழித்துப் போனதாக 8ஆம் பாறைக் கல்வெட்டில் அவரே சொல்கிறார்.

அது அசோகர்தான் என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி. சாஞ்சிச் சிற்பங்களில் பெயர் இல்லை. கதையோடு பொருத்தி அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். பெயரோடு பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தில் கலபுரகி மாவட்டத்துக் கனகனஹள்ளிக்குப் போங்கள். பீமா நதிக்கரையில் தோண்டியெடுத்த ஸ்தூபியில், அரசரும் அரசியும் நிற்கும் பலகையில் 'ராயா அசோகோ' என்று பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது.

கலிங்கப் போரை ஏன் செதுக்கவில்லை?

சிற்பிகள் கேட்டு வளர்ந்த கதைகளில் அந்தப் போரே இல்லை என்பதுதான் என் கருத்து. அசோகாவதானத்திலும் இலங்கை வரலாற்று நூலான மகாவம்சத்திலும் கலிங்கப் போர் வராது. மகாவம்சத்தில் அவர் மனதைத் திருப்புவது நிக்ரோதன் என்ற இளம் துறவி. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதை நாம் அறிவது 13ஆம் பாறைக் கல்வெட்டால்தான்.

புத்தரின் பிச்சைப் பாத்திரத்தில் சிறுவன் மண் போடும் சிற்பம் எதைக் குறிக்கிறது?

அதுவும் அசோகர்தான், முற்பிறவியில். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த ஜயன் என்ற சிறுவன், மாவு என்று பாவித்து ஒரு பிடி மண்ணைப் போட்டான். அந்தப் பலனால் அரசனாகப் பிறப்பான் என்றார் புத்தர். இன்றைய வடமேற்குப் பாகிஸ்தான் பகுதியில் இருந்த காந்தாரத்தின் சிற்பிகள் இதை விரும்பிச் செதுக்கினார்கள்.