உணவுக்குழாய் அசைவு பலவீனமாக இருந்தால் அமில எதிர்க்களிப்பு (இரைப்பை அமிலம் மேலேறி வருவது) அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பெரும்பாலானவர்களுக்குச் செய்யலாம். மானோமெட்ரி (உணவுக்குழாயின் அழுத்தத்தையும் அசைவையும் அளக்கும் சோதனை) அறிக்கையில் 'அசைவு பலவீனம்' என்று பார்த்ததுமே கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இந்த அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிமுனையைச் சுற்றி மடித்துத் தைக்கிறார்கள். 1956-இல் ருடால்ஃப் நிஸ்ஸன் வெளியிட்ட முறையில் அது 360 டிகிரி முழுச்சுற்று. தள்ளும் வலு குறைந்த குழாய்க்கு இது இறுக்கமாகி, சாப்பாடு தொண்டையிலேயே நிற்பதுபோல ஆகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் பல மருத்துவர்கள் பின்புறமாக 270 டிகிரி சுற்றும் டூப்பே முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பகுதிச் சுற்றில் விழுங்கும் சிரமமும் வயிற்று உப்புசமும் குறைவு. நெஞ்செரிச்சலும் நன்றாகவே அடங்குகிறது. ஆனால் முழுச்சுற்று போட்ட மிதமான பலவீனக்காரர்களிலும் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆக அந்த ஒரு அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் விழுங்கச் சிரமம் வரும், அது வீக்கத்தால். மென்மையான உணவோடு பொறுத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அசைவே அறவே இல்லாதவர்கள், குறிப்பாக ஸ்க்லீரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்) உள்ளவர்கள், விஷயம் வேறு. அங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. சிலருக்கு இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியைத் தவிர்த்து உணவைச் சிறுகுடலுக்குத் திருப்பும் அறுவை) பொருத்தமாக இருக்கும். அப்புறம், அக்கலேசியாவும் (உணவுக்குழாயின் அடிமுனை சரியாகத் திறக்காத நோய்) நெஞ்செரிச்சல் வேடத்தில் வரும். தயவுசெய்து மானோமெட்ரி செய்யாமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள்.