வகுப்பறை உற்றுநோக்கல் என்றால் என்ன? மதிப்பெண் பார்த்தால் போதாதா?

பாடம் நடக்கும்போதே வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்து, ஆசிரியரும் பிள்ளைகளும் என்ன செய்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் உற்றுநோக்கல்.

மதிப்பெண் முடிவைச் சொல்லும்; அது எப்படி வந்தது என்று சொல்லாது. எங்கள் பாளையங்கால்வாய்ப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். நெல் குறைந்தது அறுவடையில் தெரிந்துவிடும். ஏன் என்று அறிய, பயிர் நிற்கும்போதே வரப்பில் நடந்து, தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பின் கடைமடை, கடைசி பெஞ்சு.

பார்ப்பதற்கு முறைகள் உண்டு. நெட் பிளாண்டர்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வகுத்த முறையில், 3 வினாடிக்கு ஒருமுறை வகுப்பில் நடக்கும் பேச்சை 10 வகைகளில் ஒன்றாகக் குறிப்பார்கள். அவற்றில் 7 ஆசிரியர் பேச்சுக்கு. மாணவர் பேச்சுக்கு 2 மட்டுமே. மீதி ஒன்று, அமைதிக்கும் குழப்பத்துக்கும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கேள்வி கேட்டபின் வரும் இடைவெளி. ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு வினாடி அளவே காத்திருப்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டார். 3 வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். எந்த விடைத்தாள் இதைக் காட்டும்? பாடம் நடத்துபவருக்கே இது கண்ணில் படுவது கடினம்.

ஆனால் புது ஆள் வந்து உட்கார்ந்தாலே வகுப்பின் நடை மாறிவிடும். அதனால் ஒருநாள் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. பல நாள் பார்க்க வேண்டும்.

பலர் இதை இன்ஸ்பெக்‌ஷன் என்றே நினைத்து அஞ்சுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல: அதில் குறிப்பு மேலதிகாரிக்குப் போகும், இதில் முதலில் அந்த ஆசிரியரின் கைக்கு வர வேண்டும்.