கப்பி இல்லாத கிணறு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்களுக்கு நான்கு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டாம் நாள் மேல்தொட்டி காலி. கீழே சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் கலந்துவிட்டது. கேன் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினோம் என்றால் நம்புவீர்களா? போன் செத்துப்போய், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. மூன்றாம் நாள் நானும் மனைவியும் ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டோம்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் மின்சாரமே இல்லாமல் இருந்ததாக ஒரு கட்டுரையில் ஒற்றை வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்? எங்களுக்கு அந்த மன உறுதி இல்லையோ?

ஆர்., சென்னை

அன்புள்ள ஆர்.,

மன உறுதி எங்களிடமும் இருக்கவில்லை. கிணறு இருந்தது.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கி, கொஞ்ச நாளில் குடாநாட்டில் கறண்ட் நின்றுபோனது. அப்போது எங்கள் வீட்டில் கறண்டில் ஓடியவற்றை விரல்விட்டு எண்ணலாம். நாலு பல்ப், ஒரு மின்விசிறி, ரேடியோ, அயன் பெட்டி. தண்ணீர் கப்பியில் இழுப்பது. சமையல் விறகடுப்பில். தோசைக்கு ஆட்டுக்கல். கறண்ட் வருமுன்பே தாத்தா கட்டிய வீடு, கறண்ட் போனதும் பழையபடி ஆனது, அவ்வளவுதான். அயன் பெட்டிக்குப் பதில் பரணிலிருந்து சிரட்டைக்கரிப் பெட்டி இறங்கியது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் நெருப்புப் பொறி விழுந்து ஓட்டையானால் அடி விழும்.

எங்களை வாட்டியது கறண்ட் இல்லாதது அல்ல, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி எதுவும் வராது. மண்ணெண்ணெய் சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், அளந்து கொடுப்பார்கள், வெளியில் விலை கேட்டால் தலை சுற்றும். அந்த எண்ணெயைத்தான் தோட்டத்து இறைப்பு மெசினும் குடித்தது, ஊரில் ஓடிய பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார்களும் குடித்தன. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். கார் தெருமுனை திரும்பி வெகுநேரம் கழித்தும் அந்த மணம் நிற்கும். இவ்வளவுக்கும் போய் விளக்குக்கு மிஞ்சுவது சொற்பம். அரிக்கன் லாம்பைக் கொளுத்தக் கட்டாது.

அதற்கு வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. எங்கள் வீட்டில் செய்த விதத்தைச் சொல்கிறேன். வாய் அகன்ற வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் நூல் திரியைக் கோத்து, கம்பியில் கட்டி, போத்தலுக்குள் இறக்கி நிறுத்துவோம். திரியின் வால் பஞ்சைத் தொட்டுக்கொண்டிருக்கும். சுடர் ஒரு மல்லிகை மொட்டளவு. போத்தலே சிமினி, ஆகவே காற்றுக்கு அணையாது. இன்னொன்று, தட்டுப்பட்டுச் சரிந்தால் குப்பி விளக்கு எண்ணெயை நிலமெல்லாம் ஊற்றி நெருப்பும் வைக்கும். இதில் எண்ணெயைப் பஞ்சு பிடித்து வைத்திருக்கும். இதைச் செய்ய எஞ்சினியர் வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் வீணாகக்கூடாது என்று இரவிரவாக யோசித்த மூளை இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் கும்பிடுவேன்.

வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டால், புத்தகத்தில் படிக்கிற பக்கம் தெரியும், எதிர்ப்பக்கம் தெரியாது. குனிந்து குனிந்து படித்ததில் முன்மயிர் கருகும். காலையில் மூக்கைச் சீறினால் கரி வரும். ஓ.எல் சோதனைக்கு, உங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி, அப்படித்தான் படித்தேன்.

ரேடியோவுக்குச் சைக்கிள். கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, பெடலைக் கையால் சுழற்ற வேணும். டைனமோக் கறண்டை ரேடியோவுக்கு ஏற்றபடி மாற்ற, நாலு டயோட் போட்ட சின்னப் பலகையொன்று இடையில். இரவில் பிபிசி தமிழோசை கேட்க அயலவர்களும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். சுழற்றுவது தம்பி. வேகம் குறைந்தால் குரல் தேய்ந்து போகும். செய்தியில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் வருகிற நேரம் பார்த்துத்தான் அவனுக்குக் கை ஓயும். முற்றம் முழுக்க அவனைத் திட்டும்.

இந்த டைனமோக் கதையைச் சொன்னால் எல்லோரும் ரசிப்பார்கள். நானும் மேடைகளில் பலமுறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது வேறொன்று. வீட்டில் விளக்கு ஒன்று. அது எனக்கு. நான் படிக்கிற பிள்ளை. தம்பி எனக்கு எதிரே ஒண்டிக்கொள்வான். அம்மா குசினியில் அடுப்பு வெளிச்சத்தில் நிற்பா. அரிசியில் கல் பொறுக்குவதைப் பொழுது படுமுன் முடித்துவிடுவா. மிச்சமெல்லாம் கைத்தடவல். தேங்காய்ப் பாதி எவ்வளவு துருவியாயிற்று என்று பெருவிரலை உள்ளே விட்டுப் பார்ப்பா. கறிக்கு உப்பை இருட்டில் ருசி பார்த்தே போட்டா.

1990க்கு முன் அம்மா வாசிகசாலைப் புத்தகத்தில் நாலு பக்கமாவது படிக்காமல் படுக்கமாட்டா. விளக்கு ஒன்றான பிறகு அவ புத்தகம் பிடித்து நான் காணவில்லை. ஐந்து வருடம்! அது அன்று என் கண்ணில் படவுமில்லை. “சமாளித்தோம்” என்று பன்மையில் எழுதும்போது எனக்கு இப்போது கை கொஞ்சம் கூசுகிறது.

இனி 2022க்கு வருகிறேன். இலங்கையில் அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரத்தை வெட்டினார்கள். அதே வீடு, அதே கிணறு. ஆனால் இதற்கிடையில் நாங்கள் மோட்டர் பூட்டி, மேலே தொட்டி வைத்து, கிணற்றை வலையால் மூடி, கப்பியைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டிருந்தோம். விறகடுப்பை இடித்து ரைல்ஸ் பதித்தாயிற்று. காஸும் கிடைக்காத காலம் அது. முதல் வெட்டிலேயே தொட்டி வற்றிவிட்டது. உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றை அவிழ்த்து பிளாஸ்டிக் வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டேன். வாளி தண்ணீரில் மிதந்துகொண்டே நிற்கிறது. ஆட்டிப் பார்த்தேன், தூக்கிப் போட்டேன், மூழ்கினால்தானே. எண்பதைத் தாண்டிய அம்மா மெல்ல வந்து கயிற்றை வாங்கி ஒரு சுண்டு சுண்டினா. வாளி கவிழ்ந்து நிறைந்தது. இழுக்க அவவுக்குச் சக்தியில்லை. நான் இழுத்தேன். ஏழாவது வாளியில் உள்ளங்கை உரிந்துவிட்டது. மறுநாள் கப்பி வாங்கப் போனால் கடையில் முடிந்துவிட்டது என்றார்கள்.

அதனால் ஆர்., ஐந்து வருடம் தாங்கிய அதே ஆள்தான் 2022இல் ஒரு நாளில் திண்டாடினேன். உங்கள் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்கள் கட்டடத்தில் கறண்ட் இல்லாமல் ஒரு செம்பு தண்ணீர்கூட மேலே வராது. அதற்கு மனதைத் திடப்படுத்தி என்ன பயன்? அடுத்த மழைக்கு முன் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சம்ப்பின் வாயை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லையென்றால் வளாகத்தில் ஒரு அடிபம்பு போடமுடியுமா என்று கேளுங்கள், கார் நிறுத்துமிடம் குறையும் என்று யாராவது எழுந்து கத்துவார், பரவாயில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே வீட்டில் உள்ள டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். பற்றரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றும் வாங்கி வையுங்கள். வீட்டுச் சண்டைக்கு எனக்கு மருந்து தெரியாது. நாங்களும்தான் போட்டோம், பெரும்பாலும் விளக்கை யார் பக்கம் தள்ளுவது என்று.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “அது சரி, அந்த நாலு நாளும் மூண்டாம் மாடிக்கு யார் தண்ணி தூக்கினது?” என்றா.

அதை நீங்கள் எழுதவில்லை.