எல்லாம் பொய்தானே, ரீச்சர்?

வணக்கம்.
வடமராட்சியில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளை அப்படியே நம்பக்கூடாது என்று வகுப்பில் அடிக்கடி சொல்லிவந்தேன். இப்போது எதைக் காட்டினாலும் "எல்லாம் பொய்தானே ரீச்சர்" என்கிறார்கள். பேப்பரும் பொய், தேர்தலும் பொய், வாக்குப் போட்டு என்ன என்று ஒருவன் கேட்கிறான். நான் படிப்பித்த விதம் பிழையா?
ஓர் ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

அந்த அவநம்பிக்கை உங்கள் வகுப்பில் முளைத்ததல்ல, வீட்டிலிருந்தே வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். 2006 மே 2ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்து ஊழியர்கள் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். இதையெல்லாம் பார்த்த சனம் அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதை லேசில் நம்பாது. அதில் நியாயம் உண்டு.

ஆனால் அதே சனம்தான் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய குரல்பதிவை ஒரு கேள்வியும் கேட்காமல் குடும்பக் குழுவில் போடுகிறது. எல்லாம் பொய் என்று சொல்கிறவர் கடைசியில் தனக்குப் பிடித்ததை நம்புகிறார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரை ஏமாற்றுவது இன்னும் லேசு.

சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தாயிற்று. எப்படி விசாரிப்பது என்பதையும் காட்ட வேண்டும். அம்பாறைக் கதையை வகுப்பில் எடுத்துப் பாருங்கள். 2018 பெப்ரவரி கடைசியில், அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலந்ததாக வீடியோ பரவியது. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலையும் அடித்தார்கள். பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்தது. அது வெறும் மாக்கட்டி. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. இங்கே பொய்யைப் பரப்பியது சாதாரண ஆட்களின் போன்கள், உண்மையைச் சொன்னது ஓர் அரச திணைக்களம். "அரசாங்கம் சொன்னால் பொய்" என்ற சூத்திரம் இந்த இடத்தில் உதவாது. யார் சொன்னார் என்பதோடு, அவருக்கு அது எப்படித் தெரியும் என்றும் பிள்ளைகள் கேட்கட்டும்.

இன்னொன்று. சிங்களப் பத்திரிகையில் பிழை பிடிப்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய வேலையே இல்லை. அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நம் பக்கத்துக்குச் சாதகமாக வந்த ஒரு செய்தியைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கொஞ்சம் முகச்சுளிப்பு வரும். வரட்டும்.

சரி, வாக்குப் போட்டு என்ன என்று கேட்டவன். அவனுக்கு ஜனநாயகத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவன் வீட்டுப் பக்கம் பாதி போட்டு விட்ட ரோட்டு ஒன்று இருக்கும், அதைப் பற்றி ஆளுக்கொரு கதையும் இருக்கும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்று பிரதேச சபையிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பையனின் வயதைச் சொல்லித் தட்டிக்கழிப்பார்களோ என்று பயமிருந்தால் தாய் தகப்பன் கையெழுத்து வைக்கட்டும். கேள்விகளை அவனே எழுதட்டும்.