பதினேழு பேருக்கு நடுவே ஒரு குரல்

கேள்வி: பல வருடங்களாக பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரோடு ஜாஸ் பாடி வருகிறேன். இப்போது 17 பேர் கொண்ட பிக் பேண்டுடன் என் முதல் ஆல்பம். முதல் ஒத்திகையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்திப் பாடியதில் இரண்டு நாள் தொண்டை கட்டிவிட்டது. பேண்டைத் தனியாகப் பதிவு செய்துவிட்டு என் குரலை அப்புறம் சேர்க்கலாம் என்கிறார் தயாரிப்பாளர். சம்மதிக்கலாமா?

பதில்: முதலில் தொண்டைக்கு ஓய்வு கொடுங்கள். நான்கு ட்ரம்பெட், நான்கு ட்ராம்போன், ஐந்து சாக்ஸஃபோன் ஒன்றாக முழங்கும்போது எந்த மனிதக் குரலும் அதற்கு மேலே வராது. அது உங்கள் குறை இல்லை. அடுத்த ஒத்திகையில் ஒரு மைக்கும், உங்கள் பக்கம் திருப்பிய ஸ்பீக்கரும் கேட்டு வாங்குங்கள்.

குரலுக்கு இடம் விட வேண்டியவர் அரேஞ்சர், அதாவது ஒவ்வொரு வாத்தியமும் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர். நீங்கள் பாடும் வரிக்கு அடியில் சாக்ஸஃபோன்களைத் தாழ்வாக ஒலிக்க விட்டு, நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில்தான் ட்ரம்பெட்டுகளை நல்ல அரேஞ்சர் களமிறக்குவார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1963-ல் கவுன்ட் பேசியின் பேண்டுடன் பதிவு செய்த ஆல்பத்தை ஒருமுறை பாடகியை விட்டுவிட்டு, பேண்டை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அரேஞ்ச்மென்ட் க்வின்சி ஜோன்ஸ். பேண்ட் எங்கெல்லாம் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டு உங்கள் அரேஞ்சரோடு உட்காருங்கள்.

அவர் எழுதத் தொடங்குவதற்கு முன்பே சுருதி முடிவாகிவிட வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூன்று பேரோடு பாடும்போது, "இன்றைக்குக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதும். இங்கே அரை ஸ்வரம் நகர்த்தினாலும் எல்லோருடைய இசைக் குறிப்புத் தாளும் மாற வேண்டும். ஏற்றினால் முதல் ட்ரம்பெட்காரருக்கு உச்ச ஸ்வரம் எட்டாமல் போகலாம். இறக்கினால் ட்ரம்பெட்டின் பளபளப்பு மங்கிவிடும். ஆண் பாடகருக்கு எழுதிய பழைய ஸ்கோரை (இசைக் குறிப்பை) நீட்டினால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். பெண் குரலுக்கு வசதியான சுருதி பெரும்பாலும் அதிலிருந்து நாலைந்து ஸ்வரம் தள்ளித்தான் இருக்கும்.

சரி, தயாரிப்பாளர் சொல்வதற்கு வருவோம். அவருடைய பயம் நியாயமானது. எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் உங்கள் மைக்கில் ட்ரம்பெட் சத்தம் புகுந்துவிடும். பிறகு ஒரு வரி பிசகினாலும் அதை மட்டும் திருத்த முடியாது. ஆனால் குரலே இல்லாமல் வாசிக்கும் பேண்டுக்கு எங்கே அடங்குவது, எங்கே பொங்குவது என்று எப்படித் தெரியும்? நீங்கள் ஒரு சொல்லைச் சற்றுப் பிந்திப் போட, டிரம்மர் அதற்குப் பதில் சொல்வாரே, அது தனித்தனிப் பதிவில் கிடைக்காது. எனக்கு அந்த இழப்பு பெரிதாகப் படுகிறது. அதனால் எல்லோரோடும் ஒரே நேரத்தில், ஆனால் கண்ணாடித் தடுப்புள்ள தனி அறையில் நின்று பாடுங்கள். பேண்டை நடத்துபவரின் கை உங்களுக்குத் தெரிய வேண்டும். குரல் தனி ட்ராக்கில் இருப்பதால், பிசகியதைப் பின்னால் பாடிச் சேர்க்கலாம். ஹெட்போனில் டிரம்ஸ், பேஸ், பியானோ, உங்கள் குரல் போதும். ட்ரம்பெட்டைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் பியானோக்காரர் காத்திருப்பதுபோல் இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தாளத்துக்குள் இழுத்துப் பாடலாம், ஆனால் வரி முடிகிற இடம் முன்பே தீர்மானமானது. அதற்கு மூச்சு வேண்டும். ஃபிராங்க் சினாட்ரா 1940 முதல் 1942 வரை டாமி டார்ஸியின் பேண்டில் பாடியபோது, டார்ஸி ட்ராம்போனில் மூச்சை நீட்டிய விதத்தைப் பார்த்தே நீண்ட வரிகளைப் பாடக் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் பேண்டின் ட்ராம்போன்காரர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

பதிவு நாளில் அதிக டேக்குகளை, அதாவது ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்வதை, எதிர்பார்க்க வேண்டாம். ட்ரம்பெட் வாசிப்பவர்களின் உதடு சோர்ந்துவிடும். உச்ச ஸ்வரம் அதிகமுள்ள பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இந்த வாரமே, நன்றாகப் பாடும் நாளில் ஒன்றும் களைத்த மாலையில் ஒன்றுமாக எல்லாப் பாட்டுகளையும் பியானோவோடு பதிவு செய்து அரேஞ்சருக்கு அனுப்புங்கள். களைத்த குரலுக்கு எட்டும் சுருதியில் அவர் எழுதட்டும்.