ரெண்டு புக்கிகிட்ட (பெட் வாங்கற சைட்) ரெண்டு டீம் மேலயும் கட்டினா நஷ்டமே வராதாமே, நிஜமா?

கணக்கு நிஜம்தாங்க. ஒரு சைட்ல ஒரு டீமுக்கு 2.10, இன்னொரு சைட்ல எதிர் டீமுக்கு 2.05 ஆட்ஸ்னு வைங்க, அதாவது ஜெயிச்சா கட்டின ஒவ்வொரு ரூபாக்கும் அவ்வளவு திரும்ப வரும். ஒன்னை 2.10ஆல வகுத்து, ஒன்னை 2.05ஆல வகுத்து, ரெண்டையும் கூட்டினா 0.964. ஒன்னுக்கு கீழ வந்தா அதுதான் ஆர்ப் (ஆர்பிட்ரேஜ்), அதாவது எந்தப் பக்கம் ஜெயிச்சாலும் லாபம். பத்தாயிரத்தை 4,940, 5,060னு பிரிச்சு கட்டினா யார் ஜெயிச்சாலும் 10,370 சொச்சம் வரும். உங்களுக்கும் யாரோ ரூம்மேட் எக்செல்ல போட்டு காட்டியிருப்பாரு, எனக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது, 2021ல, ஓசூர் சிப்காட்ல நைட் ஷிப்ட் பாத்துட்டு இருந்தப்போ.

முதல் மாசம் 200, 300னு வந்துச்சு. அப்புறம் ஒரு சைட்ல 5,000 அடிச்சா பாக்ஸுக்கு கீழ சிவப்புல "அதிகபட்சம் 150". ஜெயிக்கறவனை அவங்க வெச்சுக்க மாட்டாங்க. வேற சைட் தேடி போனேன், அங்கதான் மாட்டினேன். அப்பா பெங்களூரா ரக மாந்தோப்பை குத்தகைக்கு விட்டு வாங்கின அட்வான்ஸ்ல 40,000 எடுத்து 19,760, 20,240னு கட்டினேன். மேட்ச் முடிஞ்சுது, 19,760 கட்டின டீம் ஜெயிச்சுது. காலைல பாத்தா "ஆட்ஸ் தப்பா போட்டுட்டோம், பெட் கேன்சல்"னு கட்டின காசை மட்டும் வாலட்ல திருப்பி போட்டிருக்கான். இன்னொரு பக்கம் 20,240 போனது போனதுதான். மிச்சத்தை வித்ட்ரா பண்ண ஆதார், பேங்க் ஸ்டேட்மெண்ட், செல்ஃபினு கேட்டு 23 நாள் இழுத்தான். யார்கிட்ட போய் கேக்கறது, ஆபீஸ் எந்த நாட்டுல இருக்குன்னே தெரியாது.

நீ அவசரப்பட்டுட்ட, பொறுமையா பண்ணா வரும்னு சிலர் சொல்வாங்க. வெளிநாட்டுல சட்டப்படி நடக்கற புக்கிகிட்ட பண்றவங்க இருக்காங்க, மறுக்கல, ஆனா அங்கயும் லிமிட் போடுவாங்க, ஒரு பக்கம் கட்டி முடிக்கறதுக்குள்ள இன்னொரு பக்கம் ஆட்ஸ் இறங்கும், மழை வந்தா ஒவ்வொருத்தர் ரூலும் ஒவ்வொரு மாதிரி. நம்ம ஊர்ல 2022 தமிழ்நாடு சட்டம் ஒன்னு, 2025ல நாடு முழுக்க பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்துக்கும் தடை. டெபாசிட்டுக்கு அவங்க குடுக்கற யுபிஐ ஒவ்வொரு தடவையும் வேற பேர்ல இருக்கும், அதுல ஒன்னு மேல சைபர் க்ரைம் புகார் இருந்தா உங்க சம்பள அக்கவுண்டும் ஃப்ரீஸ் ஆகலாம்.

அந்த அட்வான்ஸ் சும்மா வந்த காசு இல்லைங்க. போச்சம்பள்ளி பக்கம் மாங்கா போடறவங்களுக்கு தெரியும், மாம்பழக் கூழ் ஃபேக்டரி கேட்ல வண்டி ரெண்டு நாள் நிக்கும், பழம் கனிஞ்சு ஒழுக ஆரம்பிச்சதும் அவங்க சொல்ற ரேட்டுதான், பறிப்புக் கூலிக்கே பத்தாது. அதுக்கு பயந்துதான் அப்பா குத்தகைக்கே விட்டாரு. அந்த 20,240ஐ ஓவர்டைம் பாத்து எட்டு மாசத்துல அவர் கைல குடுத்தேன், எண்ணிக்கூட பாக்காம மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டாரு.